நான் பார்த்த சிங்கம்

1988-இல் எடுத்த என் முதல் பாஸ்போர்ட்டில் ஒரு குறிப்பு இருந்தது: தென்னாப்பிரிக்கக் குடியரசுக்கு இது செல்லாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டவே ஆபீசில் லீவு கிடைக்காத காலம் அது. அங்குள்ள இந்தியர்களை நடத்திய விதத்துக்காக 1946-லேயே வணிகத்தை முறித்துக்கொண்ட இந்தியா, 1993 நவம்பரில்தான் தூதரக உறவைப் புதுப்பித்தது. மூன்று வருடம் கழித்து, 1996-இல், கம்பெனி என்னை இரண்டு மாத வேலையாக ஜோஹன்னஸ்பர்க் அனுப்பியது. போகக் கூடாத நாட்டுக்கே போய்வந்தவன் என்ற மிதப்பில் ஊர் திரும்பியதும் இரண்டு பொய் சொன்னேன்.

முதல் பொய், சிங்கம். க்ரூகர் தேசியப் பூங்கா கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளத்தில் பாதி. வாடகைக் கார், காகித மேப், 36 படம் எடுக்கும் ஒரே ஒரு ஃபிலிம் ரோல், கூட ஒரு ஆபீஸ் நண்பர். தார்ச்சாலையில் 50-க்கு மேல் ஓட்டக் கூடாது. சாயங்காலம் கேட் மூடுவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். ஸ்கூகூசா முகாமில் ஒரு பலகை உண்டு. அன்றன்று எந்த மிருகம் எங்கே தென்பட்டது என்று வண்ண வண்ண ஊசி குத்தியிருப்பார்கள். சிங்க ஊசி இருக்கும் இடத்துக்கெல்லாம் போனோம். ஊசி இருந்தது, சிங்கம் இல்லை. நாலு நாளும் இதே கதை.

ஊருக்கு வந்ததும் அப்பா முதலில் கேட்டதே, "சிங்கம் பாத்தியாடா?" என்றுதான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்த்தேம்பா" என்றேன். அடுத்த பொங்கலுக்குள் அது காருக்குக் குறுக்கே வந்தது. என் மகள் எல்.கே.ஜி. போனபோது பானட்டில் கால் வைத்தது. போட்டோ எங்கே என்று கேட்டவர்களிடம், ரோலில் வெளிச்சம் புகுந்துவிட்டது என்றேன். அந்தக் காலத்தில் எத்தனை பொய்களுக்கு ஃபிலிம் ரோல் ஜாமீன் நின்றிருக்கிறது!

இரண்டாவது பொய், ஒயின். ஸ்டெல்லன்போஷ் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஐந்து கிளாசில் ஐந்து வகை வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பாத்திரமும் இருந்தது. சுவைத்துவிட்டு அதில் துப்பலாமாம். சாப்பாட்டை வீணாக்கினால் பாவம் என்று வளர்ந்தவன் நான். ஐந்தையும் காலி செய்தேன். வீட்டில் சொன்னது: "நான் வெறும் திராட்சை ஜூஸ்தான் குடிச்சேன்."

நடுவில் ஒரு உண்மையும் சொன்னேன். கேப் பாயின்ட் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பபூன் குரங்கு கைப்பிடியை இழுத்துக் கார்க் கதவைத் திறந்து என் பிரெட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனது. "குரங்கு கார்க் கதவைத் திறந்துச்சா? அளக்காதடா" என்றார் அப்பா. சிங்கத்தை நம்பிய அதே அப்பா.

2025 ஆகஸ்டில் மகள் எங்களை அங்கே கூட்டிப்போனாள். "அப்பாவோட சிங்கம் வந்த ரோட்டை நானும் பாக்கணும்" என்றாள். எனக்கு விமானத்திலேயே வயிறு சரியில்லை.

1996-இல் ஒரு ராண்ட் எட்டு ரூபாய்க்கு மேல், இந்த முறை சுமார் ஐந்துதான். அதனால் மனைவி தாராளமாகக் காபி வாங்கினாள். மேப்புக்குப் பதில் போன் வழி சொன்னது. வழி மட்டுமா சொன்னது? நன்னம்பிக்கை முனையில் நின்று, "இதுதான் ஆப்பிரிக்காவோட தென்கோடி" என்று என் பள்ளிக்கூட பூகோளத்தை எடுத்துவிட்டேன். மகள் போனைப் பார்த்தாள். "இல்லப்பா, அது அகுல்லாஸ் முனை. இன்னும் தென்கிழக்கால போகணும்." என் மற்ற கதைகளையும் இது கிளறுமோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைமன்ஸ் டவுன் பக்கம் போல்டர்ஸ் கடற்கரையில் பெங்குவின்கள். 1982-இல் ஓரிரு ஜோடி வந்து குடியேறிப் பெருகியவை. கழுதை மாதிரி கத்தும். 1996-இல் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிய இடம். சாப்பிட மத்தி மீனும் நெத்திலியும் போதாமல் இனமே சுருங்கி, 2024-இல் அதை அழிவின் விளிம்பில் நிற்கும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இந்த முறை ஒரு மணி நேரம் நின்றேன். நாற்றம் மட்டும் மாறவில்லை.

கேப் பாயின்ட்டில் கதவைப் பூட்டாத ஒரு காருக்குள் பபூன் புகுந்து ஒரு சிப்ஸ் பாக்கெட்டோடு இறங்கியது. மகள் வாயைப் பிளந்தாள். "அப்பா, அப்ப நீங்க சொன்னதெல்லாம் நெசமா!" 'எல்லாம்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டெல்லன்போஷில் மறுபடி ஐந்து கிளாஸ். 1925-இல் ஆப்ரஹாம் பெரோல்ட் என்ற பேராசிரியர் இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உண்டாக்கிய பினட்டாஜ் இது என்று வழிகாட்டி ஊற்றினார். கை தானாகக் கிளாசின் காம்பைப் பிடித்தது, ஒரு சுழற்று சுழற்றியது, மூக்குக்குக் கொண்டுபோனது. "ஏங்க, ஜூஸ் குடிச்ச கை மாதிரி தெரியலையே" என்றாள் மனைவி. நல்லவேளை, வழிகாட்டி பேச்சைத் தொழிலாளர் பக்கம் திருப்பினார். கூலியில் ஒரு பங்கை ஒயினாகவே கொடுத்துத் தலைமுறைகளைக் குடிக்கு அடிமையாக்கிய 'டாப்' முறை, சட்டம் தடுத்த பிறகும் 1990கள் வரை சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பழசில் மறைக்க வேண்டியது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு க்ரூகர். இரண்டாம் நாள் காலையில் சாலையில் இருபது கார் நின்றிருந்தது. மரத்தடியில் சிங்கம். நிஜச் சிங்கம். என் வாழ்க்கையில் முதல் சிங்கம். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையில் நான். அது மல்லாந்து தூங்கியது, ஒரு முறை வாலால் ஈ ஓட்டியது, அவ்வளவுதான். மகள் நாற்பது படம் எடுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "உங்க சிங்கம் இதைவிடப் பெரிசு, இல்லப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.

கடைசி நாள் ஸ்கூகூசா போகும் வழியில் புதரோரம் ஒரு வெள்ளைக் காண்டாமிருகம் மேய்ந்தது. கொம்பு இல்லை. வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்றப் பூங்காக்காரர்களே அறுத்துவிடுகிறார்கள். நாடு முழுக்க 2014-இல் மட்டும் 1,215 காண்டாமிருகங்களைக் கொம்புக்காகக் கொன்றிருக்கிறார்கள். பார்த்த இடத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று பயணிகளிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குத் திடீரென்று அந்தக் காலை ஞாபகம் வந்தது. சிங்க ஊசியைத் துரத்திப் போன வழியில் காண்டாமிருகக் கூட்டம் சாலையை மறித்து நின்றது. ஏழு. எல்லாம் கொம்போடு. நண்பர் ஹாரனில் கைவைக்கப் போனார். சீக்கிரம் நகராதா, சிங்கம் போய்விடுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

"1996-ல இதே ரோட்ல ஒரே காலைல ஏழு காண்டாமிருகம் பாத்தேம்மா. அத்தனையும் கொம்போட" என்றேன்.

மகள் போனிலிருந்து நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"அப்பா, சிங்கத்தை நம்பினோம்ல. அதோட விடுங்களேன்."