எந்தக் குழியில் விழுவது?

ஸ்காட்லாந்தில் 500க்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. அத்தனையிலும் ஆட ஆயுள் போதாது. நான்கைந்தில் ஆடிவிட்டு வர எங்கள் விடுமுறை போதும். எந்த நான்கைந்து என்று பேச ஆரம்பித்தபோதுதான் பல வருட நட்புக்கு ஆபத்து வந்தது.

எங்கள் கூட்டத்தில் நான்கு பேர். டாக்டருக்கு டிவியில் பார்த்த மைதானமெல்லாம் வேண்டும். ஆடிட்டருக்குக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் ஊருக்கு வந்து சொன்னால் கேட்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜருக்கு எந்த மைதானமும் சம்மதம், மதியம் சூடான சாப்பாடு இருந்தால் சரி. நான் மோசமாக ஆடுகிறவன். யாரும் பார்க்காத இடமாக இருந்தால் போதும் என்றேன்.

டாக்டர் எடுத்த எடுப்பிலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் என்றார். அங்கே பணத்தை நீட்டினால் மட்டும் போதாது. சம்பந்தம் பேசப் போன இடம் மாதிரி முதலில் ஜாதகம் கேட்கிறார்கள். ஹேண்டிகேப் சான்றிதழ் என்று அதற்குப் பெயர். நாம் எவ்வளவு சுமாராக ஆடுவோம் என்பதை எண்ணில் எழுதி, அதை நாமே பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஜாதகம் பொருந்தினாலும் முகூர்த்தம் உறுதியில்லை. முன்பதிவு கிடைக்காதவர்கள் இரண்டு நாள் முன்னால் பெயர் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும்.

“ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காதே?” என்றார் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய போட்டி ஏதாவது இருந்தாலொழிய அங்கே ஆட்டமே கிடையாது. ஊரின் பொது நிலம் என்பதால் அன்று மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவ வருகிறார்கள். உலகத்தின் மிகப் பழையது என்று சொல்லப்படும் கோல்ஃப் மைதானத்தில் நாய் நுழைய ஹேண்டிகேப் சான்றிதழ் வேண்டாம்.

முயலுக்கும் அங்கே ஒரு காலத்தில் செல்வாக்கு இருந்தது. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்த நிலத்தில் முயல் வளர்க்க உரிமை பெற்றபோது, ஊரார் கோல்ஃப் ஆடும் உரிமையையும் ஏற்று எழுதிக் கொடுத்தார். 1797இல் கடனில் மூழ்கிய நகர நிர்வாகம் நிலத்தை விற்க, அது முயல் வியாபாரிகள் கைக்குப் போனது. முயல் தோண்டிய குழிக்கும் ஆட்டக்காரர் தோண்டிய குழிக்கும் இருபது வருடத்துக்கு மேல் தகராறு. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற கோல்ஃப் பிரியர் நிலத்தை வாங்கிய பிறகுதான் அது தீர்ந்தது.

அந்த ஓல்ட் கோர்ஸில் கோடைக்காலத்தில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் கட்டணம். நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும். ஆடிட்டர் மயங்கி விழுவார் என்று பார்த்தால், கால்குலேட்டரை எடுத்தார். “ஓய், நல்லா ஆடறவன் 72 அடியில முடிச்சுடறான். அவனுக்கு ஒரு அடி நாலு பவுண்டுக்கு மேல ஆகுது. நீர் எப்படியும் 120 அடிப்பீர். உமக்கு அடி ஒண்ணு ரெண்டரை பவுண்டுதான்!” என்னுடைய ஆட்டத்தில் லாபம் இருக்கிறது என்று முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

டாக்டரின் அடுத்த ஆசை கார்னூஸ்டி. 1999 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் மூன்று அடி முன்னிலையோடு அங்கே கடைசிக் குழிக்கு வந்தார் பிரான்ஸின் ழான் வான் டி வெல்ட். ஆறு அடியில் முடித்திருந்தாலும் கோப்பை அவருக்குத்தான். பந்து பாரி பர்ன் ஓடையில் விழுந்தது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். ஏழு அடி ஆனது. பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயித்தார். தொழில்முறை ஆட்டக்காரரே பேண்ட்டைச் சுருட்டிய இடத்துக்கு நான் வேட்டியில் வர அனுமதி உண்டா என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லவில்லை.

மேனேஜர் முயர்ஃபீல்டை முன்மொழிந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பேர்போன இடம். கோட்டும் டையும் கட்டிக்கொண்டுதான் சாப்பாட்டு அறைக்குள் போக முடியும் என்றதும் அவருக்கு இன்னும் மரியாதை கூடியது. அந்த கிளப்பின் சரித்திரம் 1744இல் தொடங்குகிறது; பெண்களையும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தது 2017இல். காபி கொண்டுவந்த மேனேஜரின் மனைவி இதைக் கேட்டுவிட்டார். “அவங்க முடிவெடுக்க 270 வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. நீங்களும் நிதானமா யோசிச்சுட்டுப் போகலாமே” என்றார். முயர்ஃபீல்ட் அத்தோடு பட்டியலிலிருந்து போனது.

என் முறை வந்தது. ஃபைஃப் கடற்கரையில் ஈலி என்ற சின்ன ஊர். பதினெட்டுக் குழிகளில் ஒன்றுகூட பார் ஃபைவ், அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீளமான குழி, கிடையாது. நடை மிச்சம், மூச்சு மிச்சம். ஆளரவம் இருக்காது என்று எல்லோரையும் சம்மதிக்க வைத்த பிறகுதான் தெரிந்தது, முதல் குழிக்குமுன் ஒரு மேடு மறைக்கிறது என்று. மேட்டுக்கு அந்தப் பக்கம் முன்னால் போனவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று பார்க்க, ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் பார்க்காத இடம் கேட்டவனுக்குக் கடற்படைக் கருவியால் கண்காணிப்பு!

எடின்பரோவுக்குப் பக்கத்தில் மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸ் இருக்கிறது. ஒன்பதே குழிகள், குதிரைப் பந்தயத் திடலுக்குள். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஆடிப் பழகிய எங்களுக்கு அது அந்நிய மண்ணாகவே தெரியாது. 1874 முதல் 1889 வரை ஆறு முறை ஓப்பன் போட்டி நடந்த இடம் என்பதால் டாக்டருக்கும் திருப்தி. அங்கே அந்தக் காலத்து ஹிக்கரி மரக் கம்பு வைத்த மட்டைகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பந்து எங்கே போனாலும் பழியை மட்டைமேல் போடலாம். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஆடிட்டருக்கும் ஒரு வழி கிடைத்தது. ஓல்ட் கோர்ஸை ஒட்டியே ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமாக ஒரு பட்டிங் திடல். 1867இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்பினுடையது. சில பவுண்டு கொடுத்தால் சின்னக் குழந்தையிலிருந்து தாத்தா வரை யாரும் ஆடலாம், ஜாதகம் வேண்டாம். “செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஆடினேன்னு சொன்னா பொய்யில்லையே?” என்று கேட்டுக்கொண்டார். பொய்யில்லை. ஹிமாலயாஸில் ஆடினேன் என்றும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

கோல்ஃப் பயணம் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கூட்டத்தில் மிக மோசமாக ஆடுகிறவரிடம் கொடுங்கள். நன்றாக ஆடுகிறவர் தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் முள்புதரில் பந்து தேடியே பொழுது போகும். தொலைந்த பந்தைத் தேட 2019க்கு முன்பு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். இப்போது மூன்று நிமிடம்தான். மோசமாக ஆடுகிறவர் தேர்ந்தெடுத்த மைதானத்தில் மற்ற மூவரும் சாம்பியன்கள். அப்படி ஒருவர் உங்கள் கூட்டத்தில் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். டிக்கெட் மட்டும் எடுத்துக் கொடுத்தால் வருகிறேன். பந்து என் செலவு.