இன்னா, எக்ஸிஸ்ட்ஸா? ஒரு தீராச் சச்சரவின் ஆய்வு

விடுப்பு எடுத்த ஊழியர் யார் யார் என்று டேட்டாபேஸைக் கேட்கக் குறைந்தது மூன்று வழிகள் உண்டு. 'இன்' போட்டு உள்ளே ஒரு க்வெரி எழுதலாம், 'எக்ஸிஸ்ட்ஸ்' போடலாம், இரு டேபிளையும் ஜாயின் செய்து, இரட்டிப்பை 'டிஸ்டிங்க்ட்' போட்டுக் கழிக்கலாம். விடை ஒன்றே. எது வேகம் என்பதில் மென்பொருள் அலுவலகங்களில் நிலவும் பிளவோ, கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்ற வழக்குக்குச் சற்றும் இளைத்ததல்ல. யானையின் கருத்தை அங்கும் யாரும் கேட்டதில்லை. இங்கே யானை, க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று டேட்டாபேஸுக்குள் முடிவெடுக்கும் ஆப்டிமைசர்.

முதலில் பரபக்கம். முதல் பொருத்தம் கிடைத்ததும் எக்ஸிஸ்ட்ஸ் நின்றுவிடும், இன் முழுப் பட்டியலும் தயாரித்துவிட்டே ஓயும் என்பர் எக்ஸிஸ்ட்ஸ் கட்சியார். சான்றாக மைஎஸ்கியூஎல்லைக் காட்டுவர். 5.6-க்கு முந்தைய பதிப்புகளில் இன் ஊர்ந்தது மெய்தான். என்னை காரணம் எனின், அந்த ஆப்டிமைசர் இன்னை ஓசைப்படாமல் எக்ஸிஸ்ட்ஸாக மாற்றி, வெளி டேபிளின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை ஓட்டியது. ஆக, சான்று எதிர்க்கட்சிக்கே போய்ச் சேர்கிறது.

இனிச் சுபக்கம். இன்றைய போஸ்ட்கிரஸ் இன், எக்ஸிஸ்ட்ஸ் இரண்டையும் 'செமி ஜாயின்' என்ற ஒரே உருவுக்குக் கொண்டுவருகிறது. 'எக்ஸ்பிளெயின்' போட்டால் பெரும்பாலும் இரண்டுக்கும் அச்சு அசலாக ஒரே திட்டம் வரும். 'வேர் 1=1' என்று எழுதும் வழக்கமும் குற்றமற்றது; அதை ஆப்டிமைசர் படித்ததும் கிழித்துப் போடுகிறது.

உருமாற்றம் முடிந்தபின், எந்தத் திட்டம் மலிவு என்று பார்க்கும் செலவுக் கணக்கு. இதற்கு வழிவகுத்தது, ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்துக்காக பட்ரிஷியா செலிஞ்சரும் சகாக்களும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை. கணக்கு லேசானதன்று: 10 டேபிள்களை ஜாயின் செய்ய 1,764 கோடி வழிகள் உள்ளன. எனவே போஸ்ட்கிரஸ் இயல்பமைப்பில், ஜாயின் போட்டு எழுதிய டேபிள்கள் 8-ஐத் தாண்டினால் எல்லா வரிசைமாற்றங்களையும் முயல்வதில்லை. எழுதியவர் வைத்த வரிசைக்கு அப்போதுதான் மரியாதை.

எனின், சமமான க்வெரிகள் எல்லாவற்றையும் ஆப்டிமைசர் கண்டுகொள்ளுமோ? கொள்ளாது. எந்த இரு க்வெரியைத் தந்தாலும் சமமா அல்லவா என்று தவறாமல் சொல்லும் நிரல் இருக்கவே முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்டது. அவ்வளவு உயரம் போவானேன்? 'சம்பளம் + 1000 > 50000' என்பதை 'சம்பளம் > 49000' என்று மாற்றி எழுத ஏழாம் வகுப்பு இயற்கணிதம் போதும். போஸ்ட்கிரஸ் அதைச் செய்யாது. சம்பளத்துக்கு இண்டெக்ஸ் இருந்தும், முதல் வடிவத்துக்கு அது பயன்படாது.

சமம்போல் தோன்றிச் சமமல்லாதன தனி வகை. 'விடுப்பே எடுக்காதவர் யார்?' என்பதை 'நாட் இன்' போட்டு எழுதுகிறார் ஒருவர். விடுப்பு டேபிளில் ஒரே ஒரு வரிசையில் ஊழியர் எண் 'நல்'லாகக் கிடக்கிறது. அந்த நல் யாராகவும் இருக்கலாம் என்பதால் எவரையும் உறுதியாக 'இல்லை' என்று சொல்ல இயலாது, விடை வெறுமை. அலுவலகத்தில் விடுப்பு எடுக்காதவர் ஒருவர்கூட இல்லை என்ற அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டிருந்தால் பெயர்கள் வந்திருக்கும். இங்கே ஆப்டிமைசர் மேல் பழியில்லை. கேட்ட கேள்வியே வேறு. இந்த ஓரிடத்தில் மட்டும் எக்ஸிஸ்ட்ஸ் கட்சிக்கே தீர்ப்பு.

மற்ற வழக்குகளில் இரு தரப்பாரும் வாதத்தை நிறுத்தி 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' போட்டுப் பார்க்கலாம். டெலீட் க்வெரிக்கு மட்டும் அப்படிப் போட வேண்டாம்; அது வரிசைகளை உண்மையிலேயே அழித்துவிட்டுத்தான் நேரத்தைச் சொல்லும்.