ஆளில்லாச் சாலைக்கு ஓர் ஆள்

வாகனமே இல்லாத சாலை வேண்டும் என்று காரில் கிளம்பிப் போகிற மனிதர் இவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரை மணிக்குத் தஞ்சாவூரில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில், காரின் முதுகில் சைக்கிளை ஏற்றிப் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பார். வயது ஐம்பதை நெருங்கும். பல் டாக்டராக இருக்கலாம், வங்கி மேலாளராக இருக்கலாம், சென்னைக் கம்பெனி வேலையை வீட்டு மாடியிலிருந்தே பார்ப்பவராகவும் இருக்கலாம். உத்தியோகம் மாறும், ஆள் ஒரே ஆள்தான். டெல்டா கிராமங்களில் இவருக்கு வழங்கும் பொதுப்பெயர் ‘சைக்கிள் சார்’.

சைக்கிள் சாரை ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கிளிப்பச்சை நிறத்தில் உடம்போடு ஒட்டிய சட்டை. அதன் முதுகில் மூன்று பை: ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் கைப்பேசி, ஒன்றில் பேரீச்சம்பழம். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த கறுப்பு டவுசர். பெடலில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும் செருகு கட்டை பதித்த ஷூ. இந்த ஷூவுக்குச் சைக்கிள் மேல் மட்டும்தான் மரியாதை. டீக்கடை சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் குதிகாலால் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பாய்லருக்கு முன்னால் சாஷ்டாங்கமாக விழ வேண்டும்.

சைக்கிளைப் பார்த்ததும் பெஞ்சில் இருக்கும் பெரியவர்கள் விசாரணையைத் தொடங்குவார்கள்.

“ஏந் தம்பி, இதுக்கு ஸ்டாண்டு இல்லியா?”

“இல்லீங்கய்யா.”

“கேரியரு?”

“இல்லீங்க.”

“மட்காடு? பெல்லு?”

“வெயிட்டு குறையணும்னு அதெல்லாம் வைக்கிறதில்லீங்க.”

“பழசா வாங்கிட்டீங்களா? சரி, என்ன வெல?”

இந்தக் கடைசிக் கேள்விக்குச் சாரிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். வீட்டில் சொன்னது முப்பத்தைந்தாயிரம். டீக்கடைக்கு அறுபதாயிரம். சக சைக்கிள்காரர்களிடம் மட்டும் ஒன்றரை லட்சம் என்ற உண்மை வெளிவரும், அதுவும் சக்கரம் தனி என்ற அடிக்குறிப்போடு. பெரியவர் அறுபதாயிரத்துக்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்ப்பார். அவர் கணக்கில் அது ஒரு கறவை மாடு. மாட்டுக்காவது ஸ்டாண்டு தேவையில்லை.

சைக்கிள் சாருக்குப் பெரிய பெருமை தன் ஊரின் சமதளம். தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனால் நாகப்பட்டினம், அதற்கப்பால் கடல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லாத இந்தத் தட்டையான பூமியில்தான் காவிரியும் வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் எங்கே போவது என்று யோசித்து யோசித்துக் கிளை பிரிந்திருக்கின்றன. மற்ற ஊர்ச் சைக்கிள்காரர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஏறிவிட்டுப் படம் அனுப்புவார்கள். நம்மவர் மலைக்குப் போட்டியாக மதகு ஏறுவார். ஆற்றுப்பாலம், வாய்க்கால் மதகு, ரயில்வே மேம்பாலம் எல்லாவற்றையும் கூட்டி, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கைப்பேசிச் செயலி ‘மொத்த ஏற்றம் 90 மீட்டர்’ என்று காட்டும். அதில் பாதி ரயில்வே இலாகாவின் உபயம்.

சமதளம் சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அவரோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். மலையில் ஏறினால் இறங்கலாம், இறங்கும்போது கால் ஓயும். டெல்டாவில் கால் ஓயவே வழியில்லை, மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். எழுந்து நின்று மிதிக்க ஓர் ஏற்றம்கூட இல்லாததால் உட்கார்ந்த இடமும் உட்கார்ந்தபடியே இருக்கும். மெத்தை டவுசரின் அருமை அறுபதாவது கிலோமீட்டரில்தான் தெரியும்.

மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று தடுப்பார் இல்லாமல் டெல்டாவைத் தாண்டிக் கடலுக்குப் போகும். சார் அந்த மாதங்களில் காலையில் கிழக்கே கிளம்புவார். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம். மிதிப்பதே தெரியாது. ‘மூன்று மாதப் பயிற்சி வீண்போகவில்லை’ என்று வழியில் நின்று தன் சைக்கிள் குழுவுக்குச் செய்தி அனுப்புவார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இளநீர் குடித்துவிட்டு மேற்கே திரும்பினால் வேகம் 16. முதுகைத் தள்ளும்போது அதற்குப் பெயர் பயிற்சி, மூஞ்சியில் அடிக்கும்போதுதான் அது காற்று. ஆனால் காற்றின் கணக்கு கறாரானது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும்போது 16-ல் ஓட்டுகிறவர் 36-ல் போகிறவருக்கு உண்டான காற்றைச் சந்திக்கிறார். வயலில் நாற்று முடிச்சு வீசுகிறவர் இதையே, “மேகாத்துல ஏன் சார் சிரமப்படுறீங்க, பஸ்ஸுல போட்டுக்கிட்டுப் போங்க” என்று சுருக்கமாகச் சொல்வார்.

இனி, ஆளில்லாச் சாலை. நாகப்பட்டினம் நெடுஞ்சாலை சாருக்கு ஆகாது. அவருக்கு வேண்டியது மூன்றே முக்கால் மீட்டர் அகலக் கிராமச் சாலை. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போகும் ஆற்றோரச் சாலை, மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ல் வந்த கல்லணைக் கால்வாயின் கரை, வடுவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் பிரிந்து போகும் பெயரில்லாத தார் ரோடுகள். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை டவுன் பஸ் வரும். மற்ற நேரம் சாலை காலி என்று சார் நம்புகிறார்.

டெல்டாவில் சாலை காலியாக இருந்ததே கிடையாது. வண்டி ஓடாத சாலை அங்கே களத்துமேடு. குறுவை அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதிச் சாலையில் அதைக் கிளறுகிறவர் நிற்பார். தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரம் தார்ச்சாலையைத் தன் சங்கிலிச் சக்கரத்தால் உழுதுவிட்டுப் போயிருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் மூட்டை ஏற்றும் லாரிகள் குறுக்கே நிற்கும். அறுவடை முடிந்த வயலில் மேய வந்த வாத்துக் கூட்டம், அடுத்த வயலுக்குப் போகச் சாலையைத்தான் பயன்படுத்தும். ஆயிரம் வாத்து கடந்து முடிய எவ்வளவு நேரமாகும் என்ற கேள்விக்கு எந்தச் செயலியிலும் விடை இல்லை. எல்லாம் ஓய்ந்தது என்று பங்குனியில் போனால் உளுந்துச் செடியைப் பிடுங்கிச் சாலையில் பரப்பியிருப்பார்கள். போகிற வண்டிகள் ஏறினால் நெற்று உடையும், தனியாக அடிக்க வேண்டாம்.

அந்த உளுந்துக்கு முன்னால் ஒருநாள் சார் பிரேக் போட்டு நின்றார். செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள், “ஏறிப் போங்க சார்” என்றார். சார் தயங்கித் தயங்கி ஏறினார். 25 மில்லிமீட்டர் டயர், ஒன்பது கிலோ சைக்கிள். ஒரு நெற்றுகூட உடையவில்லை. அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு பேச்சு கொடுத்தார். “எனக்குப் பொறந்த ஊரு புதுக்கோட்டைப் பக்கம். எங்கம்மா அறிவொளி இயக்கத்துல சைக்கிள் கத்துக்கிட்டவங்க. முன்னாடி கம்பியில என்னைய ஒக்கார வச்சுக்கிட்டு, பின்னாடி ரெண்டு கொடம் தண்ணி கட்டிக்கிட்டு வருவாங்க. இதுல எங்க சார் கொடம் கட்டுவீங்க?” 1991-ல் தொடங்கிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஏற்றிய எழுத்தறிவு இயக்கம் அது. ஒரு கிராம் எடை குறைக்க எவ்வளவு செலவாகும் என்பது சாருக்கு மனப்பாடம். குடத்துக்கு அவரிடம் பதில் இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

சாருக்கு இதைவிடப் பெரிய சோதனை, யாராவது முந்திப் போவது. புல்லுக்கட்டு ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். முந்தினால் பாதகமில்லை, அது எஞ்சின். அதில் போகும் லுங்கிக்காரர் வேகத்தைக் குறைத்துப் பக்கத்திலேயே வந்து, “எங்க சார் போறீங்க?” என்பார்.

“சும்மாதான்.”

“சும்மாவா! தஞ்சாவூர்லேர்ந்தா?”

இந்த ‘சும்மா’வை டெல்டாவில் யாரும் இதுவரை ஏற்றுக்கொண்டதில்லை. வேண்டுதலா, பந்தயமா, டாக்டர் சொன்னாரா என்று மூன்று துணைக்கேள்வி வந்தே தீரும்.

பிளஸ் ஒன் மாணவி முந்தினால்தான் மனம் வெந்துபோகும். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு மற்ற மாணவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில் கிடைத்த சைக்கிள் அவளுடையது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், கேரியரில் தோழி, தோழி மடியில் இரண்டு பேருடைய புத்தகப் பை. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. பேசிச் சிரித்துக்கொண்டே பெல்லை அடித்துச் சாரைத் தாண்டிப் போவாள். அன்று மாலை சார் செயலியில் தன் ஓட்டத்துக்கு வைக்கும் தலைப்பு: ‘தசைகளுக்கு ஓய்வு தரும் மெதுவான ஓட்டம்’.

பஞ்சர் நாளில்தான் சாரின் விஞ்ஞானமும் கிராமத்தின் அனுபவமும் நேருக்கு நேர் சந்திக்கும். சீமைக்கருவேல முள் ஒன்றரை லட்சம் என்று பார்க்காது. சாரிடம் மாற்று டியூப் இருக்கும், காற்றுக்குப் பதில் அடைக்கும் கரியமில வாயுக் குப்பியும் இருக்கும். குப்பியைத் திருகியதும் வாயு ‘புஸ்’ஸென்று டியூபுக்கு வெளியே போய்விடும். பிறகு தோளில் சைக்கிளோடு குதிகால் நடையில் கடைத்தெரு. கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ஒட்டுப் போட்டுச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். பிரெஸ்டா வால்வு பென்சில் முனை மாதிரி மெலிந்தது, மோட்டார் சைக்கிளுக்கான கம்ப்ரஸர் வாய் அதைப் பிடிக்காது. அவர் மூலையில் கிடந்த கைப்பம்பை எடுத்து, வாயை விரலால் இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் அடிப்பார். சார் டிஜிட்டல் அளவுகோலை நீட்டி, “தொண்ணூறு பி.எஸ்.ஐ. வேணுங்க” என்பார். அவர் டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, “போதும், வூடு போய்ச் சேரலாம்” என்பார். வீடு போய்ச் சேர்ந்துவிடும்.

இவ்வளவையும் எதற்காகப் படுகிறார் என்று கேட்டால் ஒரே பதில்: அமைதி. “அந்த அமைதி இருக்கே சார், நாற்றங்காலுக்கு நடுவே நீங்களும் சாலையும் மட்டும்...” என்று அமைதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். பிறகு பேச்சு 200 கிலோமீட்டர் ‘ப்ரெவே’ என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் போகும். பாரிஸ் ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், 600 என்றால் நாற்பது மணி நேரம், வழியில் குறித்த இடங்களைத் தாண்டியதற்குச் சான்று வேண்டும். கும்பகோணத்து ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் எடுத்த சீட்டை அவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அவர் மனைவிக்கு இதில் ஒரே சந்தேகம்தான்: “அமைதி வேணும்னா பூஜை ரூம்ல ஒக்காரலாமே, அதுக்கு எதுக்கு இந்த டவுசர்?”

மனைவியின் சந்தேகம் நியாயமானது. அமைதியான சாலை கிடைத்தால் சார் அதை வைத்துக்கொள்ள மாட்டார். வரைபடத்தோடு குழுவில் போடுவார். அடுத்த ஞாயிறு பன்னிரண்டு கிளிப்பச்சைச் சட்டைகள், தண்ணீர் கொண்டுவர இரண்டு கார், பறக்கும் கேமரா ஒன்று. வடுவூர் ஏரிக்கரை நாரை எழுந்து போய்விடும். ‘இப்போதெல்லாம் அங்கே ஒரே கூட்டம்’ என்று குறைப்பட்டுக்கொண்டு சார் வேறு சாலை தேடக் காரை எடுப்பார்.

சார் தேடுவது ஆளில்லாத சாலை அல்ல. எந்த ஆளும் அவசரமாகப் போகாத சாலை. நின்று பார்க்கவும், எங்கே போகிறீர்கள் என்று கேட்கவும், சும்மா என்றால் நம்ப மறுக்கவும் நேரம் உள்ள ஆட்கள் இருக்கும் சாலை. நெடுஞ்சாலையில் அவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழைக்கால ஞாயிறு ஒன்றில் டீக்கடையும் மூடிக்கிடந்து, விசாரிக்க ஒரு ஜீவனும் இல்லாமல் நூறு கிலோமீட்டர் முழு அமைதியில் ஓட்டிவிட்டு வந்தார். வந்ததிலிருந்து இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வீட்டார் தரும் தகவல்.

ஆகவே, டெல்டாவாசிகளே, உங்கள் ஊர் வழியாகக் கிளிப்பச்சைச் சட்டை ஒன்று குனிந்தபடி வந்தால் தயங்காமல் நிறுத்துங்கள். ஸ்டாண்டு ஏன் இல்லை என்று கேளுங்கள். விலையையும் கட்டாயம் கேளுங்கள், அவர் வருவதே அதற்குத்தான். அவர் மனைவி கூட வந்திருந்தால் மட்டும் கேட்காதீர்கள்.