ஜப்பான் பாஸ்

எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகலை வரைக்கும், அந்தப் பக்கம் இரக்குவானை, காவத்தை, பலாங்கொடை வரைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஜப்பான் பாஸ் ஒருவர் இருப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும் இருக்கும். மேசன் பாஸ், தச்சு பாஸ், வெல்டிங் பாஸ் என்பவை தொழில். ஜப்பான் பாஸ் என்பது பதவி. கிரைண்டர், ட்ரில், பிளேனர், கட்டர் எது வாங்குவதானாலும் அவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினாலும், "இத ஏன்டா வாங்குன?" என்றுதான் கேட்பார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். டவுன் ஹாட்வெயார் கடையில் ஒன்றும் வாங்காமல் காலையிலிருந்து நிற்பவர் அவர்தான். முதலாளிக்கும் அவர் வேண்டும். பெட்டியைப் பிரித்துக் காட்டும் வேலை மிச்சம். மெசின் கைக்கு வந்ததும் உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பார். கனம் குறைந்தால் உள்ளே செம்பு இல்லை என்று அர்த்தம். அடுத்து, காற்றுப் போகும் துவாரத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்வார். பிறகு காதோரம் வைத்துத் தண்டை விரலால் சுற்றி, "பெயாரிங் பேசுது" என்பார். என்ன பேசுகிறது என்பதை வெளியில் சொல்லும் வழக்கம் இல்லை. கடைசியில்தான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, ஒரு காம்பு மட்டும் உள்ள அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மெசினின் வயிற்றில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிப்பார்.

"பாத்தீங்களா முதலாளி? மேல மக்கிட்டான்னு எழுதியிருக்கு, கீழ மேட் இன் சைனான்னு போட்டிருக்கு. இந்தக் காலத்துல கள்ளன்கூட நேர்மையா இருக்கான்."

முதலாளி பதில் சொல்லமாட்டார். அவருக்குத் தெரியும், மக்கிட்டா கம்பனிக்குச் சீனாவில் குன்ஷான் நகரத்தில் சொந்தத் தொழிற்சாலை இருக்கிறது. ருமேனியாவிலும் இருக்கிறது. தகட்டில் சைனா என்று இருப்பதால் மட்டும் மெசின் போலியாகிவிடாது. போலி அடிக்கிறவன்தான் கூச்சமில்லாமல் ஜப்பான் என்று போடுவான். இதை பாஸிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்த பட்டதாரி இளைஞர்கள் உண்டு. "நீ புத்தகத்துல படிச்சிருப்ப. நான் கையில படிச்சவன்" என்று அவர்களை அனுப்பிவைப்பார்.

உலகத்து மெசின்களை அவர் நாலு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஜப்பான் ஒரிஜினல். ஜப்பான் பேர் போட்ட சைனா. சைனா ஒரிஜினல். சைனா டுப்ளிகேட். இந்த நாலாவதைத்தான் யாராலும் விளங்கிக்கொள்ள முடியாது. சைனா சாமானுக்கு டுப்ளிகேட் அடிக்கிறவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்டால், பாஸ் கொழும்புப் பக்கமாகக் கையைக் காட்டுவார்.

மக்கிட்டா 1915இல் நாகோயாவில் தொடங்கியது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பார். மோட்டார் விற்பதும் பழுது பார்ப்பதும்தான் அன்றைய வியாபாரம். ஆக, அவர் கும்பிடும் தெய்வமும் ஒரு காலத்தில் வயண்டிங் பாஸ்தான். 1958இல் ஜப்பானிலேயே முதல் முதலாக மின்சார பிளேனர் செய்து விற்ற பிறகுதான் அந்தக் கம்பனி தச்சர்களின் கைக்குள் வந்தது. இன்றைக்கும் பலாப் பலகை சீவுகிற எந்தத் தச்சு பாஸிடமும் "1900 பி" என்று அந்தக் கம்பனி பிளேனரின் நம்பரைச் சொல்லிப் பாருங்கள். சிலர் எழுந்தே நின்றுவிடுவார்கள்.

ஜப்பான் பாஸ்மாருக்குள்ளும் பிரிவு உண்டு. ஹிட்டாச்சிக் கட்சி ஒன்று இருந்தது. நல்ல பலமான கட்சி. 2017இல் கேகேஆர் என்கிற அமெரிக்க முதலீட்டுக் கம்பனி ஹிட்டாச்சியின் மெசின் பிரிவை வாங்கியது. 2018 ஒக்டோபரிலிருந்து அதே மெசின் ஹைகோகி என்ற பெயரில் வரத் தொடங்கியது. இதை யாரும் தோட்டத்துக்கு வந்து அறிவிக்கவில்லை. அவிசாவளைக் கடையில் முதல் ஹைகோகியைக் கண்ட ஹிட்டாச்சி பாஸ் ஒருவர் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாங்க இது, எழுத்தையே மாத்தி அடிச்சிருக்கான்? டுப்ளிகேட் அடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"இல்ல பாஸ், கம்பனிதான் பேர மாத்திட்டாங்க."

"அது எப்படிங்க மாத்துவாங்க? என் மெசின்ல ஹிட்டாச்சின்னு இருக்கு. அப்ப நான் வச்சிருக்கறது என்னா?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. கட்சி கலைந்துவிட்டது. கொஞ்சப் பேர் மக்கிட்டாவுக்குப் போனார்கள். மிச்சப் பேர் பழைய ஹிட்டாச்சியின் உடைந்த பிடிக்கு ரப்பர் டியூப் சுற்றி, பெயர் தெரிகிற பக்கத்தை மட்டும் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

போஷ் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் வெல்டிங் பாஸ்மார். ஜெர்மன் சாமான் என்ற பெருமை. நீலம் தொழிலாளிக்கு, பச்சை வீட்டுப் பாவனைக்கு என்று கம்பனியே நிறம் பிரித்திருப்பது இவர்களுக்கு வேதம். பச்சை மெசினோடு வருகிறவனைத் தேத்தண்ணிக் கடையில் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்கார வைப்பார்கள். தகட்டில் மலேசியா என்றிருந்தால் அதற்கும் சமாதானம் இருக்கிறது. பினாங்கில் போஷின் தொழிற்சாலை இருப்பது நிஜம். ஆனால் நம் வெல்டிங் பாஸ் சொல்லும் காரணம் அது இல்லை. "மலேசியான்னா பரவால்ல தம்பி. அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க."

எல்லாக் கட்சிக்கும் பொதுவான கதை ஒன்று உண்டு. 2017 மே மாதம் இரத்தினபுரியை மூழ்கடித்த வெள்ளத்தில் மெசின் அகப்பட்டுக்கொண்டது. மூன்று நாள் சேற்றுக்குள் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் கழுவி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, நாலாம் நாள் சுவிட்சைப் போட்டால் பழையபடி பாடியது. இந்தக் கதையை மக்கிட்டாக்காரர் சொல்லியும் கேட்டிருக்கிறேன், போஷ்காரர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். நாளும் சேறும் அடுப்பும் ஒன்றுதான், மெசின் மட்டும் மாறும். பக்கத்துக் கிராமத்து சிங்கள பாஸ் அதையே சிங்களத்தில் சொல்லி, "ஜப்பான் படு தமய் படு!", ஜப்பான் சாமான்தான் சாமான், என்று முடிப்பார். அந்த இடத்தில் நம்ம ஆள் கைகொடுப்பார். தேர்தல் காலத்திலும் குலையாத ஒற்றுமை அது.

இவ்வளவு பேசுகிறவர் என்ன மெசின் பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டுமே. வீட்டுத் திட்டம் வந்தாலும் வராவிட்டாலும் லயத்துக்கு முன்னால் தகரம் இறக்கி ஓர் அறை கூட்டுவது தோட்டத்தில் நிற்காத வேலை. பாஸ் அங்கே வந்து இறங்கி உரப் பையை அவிழ்ப்பார். உள்ளேயிருந்து மஞ்சள் நிறத்தில் ஒன்று வெளியே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் டிவோல்ட் மாதிரி இருக்கும். கிட்டப் போனால் எழுத்து வேறு. சைனா ஒரிஜினலா, டுப்ளிகேட்டா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

"மக்கிட்டா எங்க பாஸ்?"

"மழைக்கு எடுக்கிறதில்ல."

இரத்தினபுரியில் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மழை இல்லாத நாளில் வெயிலுக்கும் எடுக்கிறதில்லை. ஒருமுறை வீட்டில் அந்த மக்கிட்டாவைக் காட்டினார். தகரப் பெட்டியைத் திறந்து, சம்சாரத்தின் கூறைச்சேலையைத் தூக்கி ஓரமாக வைத்து, பழைய சாரத்தில் சுற்றியிருந்ததை அவிழ்த்தார். மகள் குவைத்தில் வேலை செய்து, லீவில் வரும்போது கொண்டுவந்த நாலங்குலக் கிரைண்டர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வயரில் கம்பனி கட்டிவிட்ட முறுக்குக் கம்பிகூட அவிழவில்லை.

"பதினொரு வருசம் தம்பி. ஒரு பழுது? ஒரு சத்தம்? ஒண்ணுமில்ல. அதான் ஜப்பான்."

மஞ்சள் மெசினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது காலையில் கம்பி வெட்டும், பத்து மணிக்குக் கொங்கிரீட் உரசும், மத்தியானம் மரம் வெட்டுகிற டிஸ்க்கை மாட்டி ரப்பர் பலகை அறுக்கும். பொழுது சாய்ந்தால் பாஸின் மச்சான் இரவல் வாங்கிப் போய் மண்வெட்டி தீட்டுவான். டிஸ்க்குக்கு மேலே இருக்க வேண்டிய பாதுகாப்பு மூடியைப் பாஸ் வாங்கிய அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டார். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுற்றுகிற சாமான் அது. எட்டு மாதத்தில் புகைந்தால், "சைனாக்காரன் புத்தி" என்று பேச்சு வேறு கேட்க வேண்டும்.

அது முதன்முறை பொறி கக்கும் நாளில் பாஸின் கைவேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் கறுப்பு மூடியை இரண்டு ரூபாய்க் குத்தியால் திருகுவார். சுருள்கம்பி துள்ளிக்கொண்டு வரும். அதன் முனையில் தேய்ந்துபோய், குழந்தையின் பல் அளவுக்கு மிஞ்சியிருக்கும் காபன். இரண்டு பக்கத்துக் காபனையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது விதி. பாஸ் ஒன்றைத்தான் மாற்றுவார். மற்றது "இன்னும் ஓடும்". சரியான அளவு கடையில் இல்லையென்றால் பெரிய காபனை வாங்கிச் சீமெந்துத் தரையில் தேய்த்து, நாலு பக்கமும் ஊதி ஊதிப் பார்த்து நுழைப்பார். கையில் காசில்லாத மாதக் கடைசி என்றால் பழைய டோர்ச் பற்றரியை உடைத்து நடுவில் இருக்கும் கறுப்புக் குச்சியை எடுத்துச் செதுக்குவார். போட்டதும் மெசினின் இரண்டு துவாரத்திலிருந்தும் நீலப் பொறி பறக்கும். "அது நல்ல சைன்" என்பார்.

உண்மையில் இந்தப் பக்கத்து மெசின்களைக் கொல்வது பிராண்டும் இல்லை, நாடும் இல்லை. 230 வோல்ட் என்று தகட்டில் இருக்கிறது. ட்ரான்ஸ்போமரிலிருந்து மலையைச் சுற்றி கடைசி லயத்துக்கு வந்து சேரும்போது, அதுவும் எல்லா வீட்டிலும் டீவி ஓடுகிற நேரத்தில், அது எவ்வளவாக மெலிந்திருக்குமோ. அங்கிருந்து பாஸ், பெல் வயர் தடிப்பில் ஒன்றை ஐம்பது அடிக்கு இழுத்து, பிளக் இல்லாமல் இரண்டு முனையையும் தீக்குச்சி வைத்துச் செருகியிருப்பார். வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் மெதுவாகும். அதைக் குளிரவைக்கிற விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகும். பாஸ் இன்னும் பலமாக அமுக்குவார். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் எரிகிற வாசம் வரும். இந்த வயரில் கொழுவினால் மக்கிட்டாவும் எரியும். தகரப் பெட்டிக்குள் இருப்பதால் எரியவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் எந்தப் பிராண்டும் பழுதாகவில்லை. அதே வருசம், 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது மஞ்சள் மெசினுக்கும் விலை ஏறி, ஹாட்வெயார் கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்தது. அதைக் கண்ட பாஸ், "சைனாக்காரனும் இப்ப நல்லாச் செய்றான்" என்றார். ஒரே ஒரு தடவைதான். சாட்சிக்கு ஆள் இருக்கிறது.

இப்போது கொரியாவுக்குப் போய் வந்த பையன்கள் பற்றரி மெசினோடு திரிகிறார்கள். வயர் இல்லாத மெசினைப் பாஸ் மெசின் வகையிலேயே சேர்ப்பதில்லை. "அது டோர்ச்சுடா" என்று ஒதுக்கிவிடுவார். போன மாதம் கூரை வேலை நடந்த ஒரு வீட்டில் அப்படி ஒரு பையன் வந்தான். இரவல் கேட்பார்கள் என்று பயந்து ட்ரில் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். அப்படியும் பாஸ் கையை நீட்டினார்.

"குடு பாப்போம், இந்த விளையாட்டுச் சாமான."

சுவரில் ஒரு துளை போட்டார். நின்று பார்த்தார். பக்கத்தில் இன்னொன்று. பிறகு வீட்டுக்காரி கேட்காத இடத்தில் ஒன்று. சட்டம் ஏறாத மூலையில் இரண்டு. "பாஸ், அங்க ஒண்ணும் மாட்டப் போறதில்லீங்க" என்று அந்த அம்மா சொல்வது அவர் காதில் விழவில்லை. கடைசியில் ட்ரில் முனகி, பாதிச் சுவரில் நின்றது.

"பாத்தியா? செத்துப்போச்சு. இதே ஜப்பான் சாமானா இருந்தா நிக்குமா?"

"இது மக்கிட்டாதான் மாமா. பெயின்ட்ட சுரண்டிப் பாருங்க."

பாஸ் நகத்தால் சுரண்டினார். கண்ணாடியை எடுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு வீட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அதான் இவ்வளவு நேரம் தாங்கிச்சு."