ஐந்து கட்டையில் மின்சாரம்

மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் தந்தியை வருடி வாசிக்கிற கிதாருக்கு லேப் ஸ்டீல் என்று பெயர். விலைக்குக் கிடைக்கும். கப்பல் கூலியும் சுங்கவரியும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் ஆசை பாதி அடங்கிவிட்டது. அடங்காத மீதிக்காக நானே செய்வதென்று இறங்கினேன். திருவொற்றியூர்க்காரனுக்கு இந்தத் துணிச்சல் வருவது இயல்பு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை லேத்து, வெல்டிங், ரீவைண்டிங், டிங்கரிங் என்று ஏதாவது ஒரு பட்டறை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விசைப்படகுக்கே எஞ்சின் இறக்கி ஏற்றுகிற ஊரில் ஆறு தந்தி கட்ட ஆள் கிடைக்காதா?

கிடைத்தார்கள். நான் செய்வது இன்னது என்று அவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஹவாய்த் தீவில் ஜோசப் கெகூகூ என்ற பையன், 1880களின் கடைசியில், தண்டவாள ஓரம் கிடந்த போல்ட்டை எடுத்துத் தந்தியில் உரசிப் பார்த்ததில் பிறந்தது இந்த வாத்தியம் என்பார்கள். போல்ட் இல்லை சீப்பு என்பாரும் உண்டு. கத்தி என்பாரும் உண்டு. எனக்கு போல்ட் கதைதான் பிடிக்கும், வயிற்றெரிச்சலோடு. ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது 1856 ஜூலை 1. கெகூகூ பிறந்ததே 1874-இல். அவருக்கு முன்பே எங்களிடம் தண்டவாளம் இருந்தது, போல்ட் இருந்தது, வீணை இருந்தது. திருவொற்றியூரில் சாட்சாத் வீணை குப்பய்யரே இருந்தார். ஒன்றை எடுத்து மற்றொன்றின் மேல் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் தோன்றியிருக்கிறது, மறைக்கக் கூடாது. கோட்டுவாத்தியம் அதுதானே? மெட்டு இல்லாத வீணை, அதன்மேல் வழுக்கிப் போகும் கருங்காலி உருளை. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கே பாடம் சொன்ன திருவிடைமருதூர் சகாராம ராவ் அதில் பெரிய கை. ஆனால் அதற்கு 21 தந்தி. என் சம்பளத்துக்கும் பொறுமைக்கும் ஆறுதான் தாங்கும்.

ஹவாய்க் கிதாரை 1940களில் கல்கத்தாவில் கற்றுக்கொடுத்தவர் டாவ் மோ. பிறகு பிரிஜ் பூஷண் கப்ரா அதில் ராகம் வாசித்தார். 1994-இல் விஸ்வமோகன் பட் கிராமி விருதே வாங்கிவிட்டார். மேல்நாட்டு வாத்தியத்தைச் சம்மணம் போட்டு உட்காரவைப்பது எங்கள் பக்கத்துக்கும் புதிதில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் பிடில் கற்றுக்கொண்டது மணலி முதலியார்களின் ஆதரவில்தான். இன்று அந்த மணலிக்குப் போகும் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. எனக்குக் கட்டை கிடைத்ததும் அந்த லாரிகளின் புண்ணியத்தில்தான்.

வெளிநாட்டு மெஷின் வந்திறங்கும் பெட்டிகளின் அடிக்கட்டை பைன் மரம். பழைய மரக்கடையில் கிலோ கணக்கில் போடுகிறார்கள். நான் எடுத்த துண்டில் ‘எச்.டி.’ என்று முத்திரை இருந்தது. சூடேற்றிப் பூச்சி கொன்ற மரம் என்று துறைமுகங்களுக்கு அறிவிக்கும் முத்திரை அது. கச்சேரிக்கு வரும் எந்த வாத்தியத்திடமும் இப்படி ஒரு மருத்துவச் சான்றிதழ் கிடையாது என்பதால் அதை இழைக்காமல் விட்டுவிட்டேன். தச்சு மேஸ்திரி மூன்றடிக் கட்டையைப் பார்த்து, “சார், நிலைக்கா, ஜன்னலுக்கா?” என்றார். கிதார் என்றேன். கட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “ஓட்டை எங்க?” மின்கிதாருக்கு ஓட்டை வேண்டாம் என்று சொன்னதும் அவருடைய மரியாதை ஒரு படி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

தந்தியின் நீளம் இருபத்திரண்டரை அங்குலம். இதற்கு மெட்டு கிடையாது. சுரத்தின் இடத்தைக் காட்டக் கோடு மட்டும் போதும். நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கோடு, மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் இரண்டாவது. இப்படியே போனால் பன்னிரண்டாவது கோடு சரியாகப் பாதியில் வந்து நிற்கும். கணக்கை எடுத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே எல்லாம் சதுர அடிக் கணக்கு. என் ஸ்டிக்கர் மொத்தமே அரை அடி தேறவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த தம்பி கோடுகளை வரைந்துவிட்டு, “தலைவர் போட்டோ எந்தப் பக்கம் சார்?” என்றான். போட்டோ வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் திகைத்திருந்துவிட்டு, “சரி, கீழ ‘இவண்’ யாரு?” என்றான். ஃப்ளெக்ஸ் அச்சடிக்க வந்துவிட்டு யாரையும் வாழ்த்தாமல் போகிற ஆளை அவன் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

தந்தியை வருடும் உருளை புல்லட்டின் பழைய பிஸ்டன் பின். 1950களிலிருந்து என்ஃபீல்டு தயாரித்த ஊரில் அதற்கா பஞ்சம்? நல்ல கடின எஃகு, வழவழப்பு ஏற்கெனவே ஏற்றியது. மெக்கானிக் காசு வாங்கவில்லை. மீதி வண்டி எங்கே என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது காயில். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி கனத்துக்குச் செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். அமெரிக்கப் புத்தகத்தில் 42 கேஜ் என்று போட்டிருக்கும். அதை நம்பி இங்கே 42 வாங்கினால் ஒன்றரை மடங்கு கனத்தில் கம்பி வரும். நம் கடைக்காரர்கள் பேசுவது பிரிட்டிஷ் கணக்கு, அதில் இது ஏறக்குறைய 46. பாரிமுனையில் தேடி வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் பாயிடம் போனேன்.

“இன்னா ஹெச்.பி. இது?”

“ஹெச்.பி. எல்லாம் இல்ல பாய்.”

“ஆர்.பி.எம்.?”

“சுத்தாது பாய்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சுத்தாத மோட்டாருக்கு எதுக்குப்பா காயில்?”

காயில் அசையாது, மேலே இரும்புத் தந்தி ஆடும், ஆட்டத்தில் காந்தப்புலம் கலையும், கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று விளக்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார். “டைனமோன்னு சொல்லேன்.” இசைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியும் விளங்காத விஷயத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உலகில் முதன்முதலாக விற்பனையில் வெற்றி கண்ட மின்கிதாரும் இந்த லேப் ஸ்டீல்தான். 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் அலுமினியத்தில் வார்த்தது. அதைச் செய்தவர்கள் தண்டையார்பேட்டைக்கு வந்திருந்தால் பாய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்திருப்பார். கைமெஷினில் எண்ணி எண்ணிச் சுற்றினார். நடுவில் பம்ப்செட்காரர் ஒருவர் வந்து சண்டை போட்டதில் எண்ணிக்கை போயிற்று. ஏழாயிரத்துக்கு முன்னே பின்னே இருக்கும்.

பாலீஷைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. கடற்காற்றில் லாக்கர் அடித்தால் ஈரம் படிந்து வெள்ளை பூக்கும். பதினோரு மணி வெயிலுக்கு மேல் அடித்தால் பூக்காது, ஆனால் அதற்குள் காற்று திரும்பி அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டும். எண்ணூர்ப் பக்கம் துணி காயப்போடுகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் இதைச் சொல்வார். என் கிதார் கறுப்புமில்லை வெள்ளையுமில்லை. டிங்கரிங் கடைக்காரர் அதற்கு ‘மெட்டாலிக் ஃபினிஷ்’ என்று பெயர் வைத்து, தனியாகக் காசு வாங்கிக்கொண்டார்.

ஆம்பிளிஃபையரில் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முழக்கம். தந்தியைத் தொடவே இல்லை. “என்னங்க, பாடுறது நீங்களா ஃப்ரிட்ஜா?” என்று அடுக்களையிலிருந்து குரல். பாயிடம் கொண்டுபோனேன். “உன் டைனமோ வூட்டு வயரிங்கையும் சேத்துக் கேக்குது. ஒத்தக் காயில் அப்டித்தான்” என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நம் மின்சாரம் வினாடிக்கு 50 அதிர்வு. முழக்கத்தில் அதோடு 100, 150 எல்லாம் சேர்ந்து வரும். சட்ஜமம், அடுத்த ஸ்தாயிச் சட்ஜமம், அதற்கு மேல் பஞ்சமம்! கட்டைக் கணக்கில் ஏறத்தாழ ஐந்து. மின்தொகுப்பு 49.90-க்குக் கீழேயோ 50.05-க்கு மேலேயோ போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. எத்தனை தம்பூராவுக்கு இந்த ஒழுக்கம் உண்டு? கீழ்த்தந்தியை 98-இல் நிறுத்து என்கிறது புத்தகம். நான் 100-க்கு ஏற்றிவிட்டேன். ச க ப, ச க ப என்று மற்ற தந்திகளும் வரிசையில் நின்றன. அன்றிலிருந்து தேசமே எனக்குச் சுருதி போடுகிறது. கரண்ட் போனால் சுருதியும் போய்விடும். ஆம்பிளிஃபையரும் கூடவே போய்விடுவதால் அபஸ்வரத்துக்கு வழியில்லை.

மோகனம் என்று நினைத்து நான் வாசித்த முதல் மாலையில் எதிர்வீட்டுப் பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, “யாருப்பா தவறிட்டது?” என்று கேட்டார். வழுக்கும் தந்திக்கு அழுகை இயற்கையாகவே நன்றாக வரும். அந்த அளவில் அது அவருடைய பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரம், கம்பி, பாலீஷ் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டு பிளக்கில் எர்த்து வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். மின்கிதாரின் தந்திகள் எர்த்தோடு இணைந்திருக்கும். உங்கள் இரண்டு கையும் அந்தத் தந்திகளின் மேல்தான் இருக்கப்போகின்றன. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை அழகுக்குத்தான் இருக்கிறது.