காதில் கேட்கும் பேச்சு

எண்பதுகளில் காசிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் காதில் பேச்சுக் கேட்கத் தொடங்கியது. வலை பின்னுவதில் கைதேர்ந்தவர். வேலைக்கு நடுவில் திடீரென எழுந்து சுவரைப் பார்த்துத் திட்டுவார். காத்துக்கருப்பு என்று தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். அடங்காதபோது காலில் சங்கிலி விழுந்தது. பிறகு ஆஸ்பத்திரி மாத்திரையில் ஆவேசம் தணிந்தது. ஆனால் குளிக்க மாட்டார், வேலைக்குப் போக மாட்டார். சோம்பேறி என்றது தெரு. அதுவும் மனச்சிதைவு நோயின் ஒரு பகுதிதான் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. "யாரும் பேசலடா, சும்மா இரு" என்று அதட்டியவர்கள் பலர். "இன்னா சொல்லுது?" என்று கேட்டவர் இல்லை.

இன்று சிகிச்சை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. சி.பி.டி. எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சையில், நிபுணர் குரலை மறுத்து வாதாடுவதில்லை, ஆமோதிப்பதும் இல்லை. எப்போது கேட்கிறது, யாருடைய குரல், சொன்னபடி செய்யாதபோது உண்மையில் என்ன நடந்தது என்று அவரோடு உட்கார்ந்து ஆராய்வார். குரல் ஓயாமலே இருக்கலாம். அதற்கு அஞ்சுவது குறைய வழியுண்டு. முடங்கியவருக்கு எழுவது, குளிப்பது, கடைக்குப் போவது என்று சின்னச் சின்ன வேலைகள். கூடவே மாத்திரையும் தொடரும்.

1984-ல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் ஸ்கார்ஃப். அதன் மருத்துவர்களும் அமெரிக்க மானுடவியலாளர் தான்யா லூர்மனும் சேர்ந்து செய்த ஆய்வில், சென்னையில் அவர்களிடம் பேசிய மனச்சிதைவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டது உறவினர் குரல். இதைச் செய், அதைச் செய் என்று ஏவும் குரல். கேட்டால்தானே இது தெரியும்!

காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரிடம் நடந்து 2014-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போனால், மருந்து மட்டும் தருவதைவிட ஓரளவு கூடுதல் பலன் கிடைக்கிறது.

அப்படிப்பட்ட பணியாளர்கள் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வேண்டும். அண்ணன் காலில் விழுந்த சங்கிலி அவரோடு முடியவில்லை. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001-ல் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகியவர்கள் 28 பேர். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சமூகத்தோடு வாழ்ந்தபடியே மறுவாழ்வு பெறுவதை உரிமையாக்குகிறது. சங்கிலியை அவிழ்த்தால் பாதி வேலைதான் முடியும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் கேட்பதும் நம் உரிமை. அதைக் கேட்டு வாங்குவோம்.