கோடிக்கரை மரபியல்

பாயிரம் இல்லாமல் நூல் செய்தால் தமிழில் மதிப்பில்லை. ஆகவே முதலில் எல்லை. இந்நூலுக்கு வடக்கே வேதாரண்யம், மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. நடுவில் கிடப்பது உவர்ச்சதுப்பும் உப்பளமும், அவற்றை ஒட்டி 1967இல் வெளிமானுக்காக அறிவித்த சரணாலயமும். 2002இல் ராம்சர் பட்டியலில் ஏறியபோது கணக்கில் வந்த பரப்பு 38,500 ஹெக்டேர். காலம்: அடைமழை ஓய்ந்த மார்கழியும் தையும். கேட்போர்: பெரிய லென்ஸ் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்போர். பயன்: வாங்காமல் இருப்பது.

நிலம் நெய்தல். அதற்கு உரிப்பொருள் இரங்கல் என்று வைத்தவர்கள் ஒன்பது மணிக்குமேல் உப்பளத்தில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். வெயில் ஏறியதும் தரையை ஒட்டிய காற்று கொதிநீர்போல நெளியத் தொடங்கும். இருநூறடி தள்ளி நிற்கும் உள்ளானை எவ்வளவு விலையுள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் ஈரத்தாளில் வரைந்தது மாதிரிதான் விழும். லென்ஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. (நானும் ஓடினேன். கடைக்காரர் துடைத்துக் கொடுத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.) நெய்தலுக்குரிய பொழுதான எற்பாடு என்பது காலையா மாலையா என்று உரைகாரர்களுக்குள் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. கேமராக்காரரைக் கூண்டில் ஏற்றினால் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லிவிட்டு இறங்குவார்.

இனி நூல். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவை எண்ணி வகுத்தார். தொட்டு அறிவது மட்டும் இருந்தால் ஓரறிவு. நாக்கு சேர்ந்தால் இரண்டு. பிறகு மூக்கு, கண், செவி, கடைசியில் மனம். கண் நாலாவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பறவை பார்க்க வருகிறவர்களுக்குக் கண் இருக்கும் என்று நம்பித்தான் நானும் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன். பல மார்கழிகளுக்குப் பிறகு தொல்காப்பியர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஓரறிவு உயிராவது விரல் மட்டும் உடையது. வலக்கை ஆட்காட்டி விரல். மூன்று கிலோ எடையுள்ள லென்ஸைப் பெற்ற பிள்ளையைப் போல மார்போடு அணைத்து வரும். இலை தழை அச்சிட்ட பச்சைச் சட்டை போட்டிருக்கும். கோடிக்கரைச் சதுப்பில் இலையும் கிடையாது, தழையும் கிடையாது என்பதால் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே இந்த உயிரை எளிதாக இனங்காணலாம். விரல் ஒருமுறை அழுத்தினால் நொடிக்கு இருபது படம். சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும்போது நாலாயிரம் சேர்ந்திருக்கும். அதன்பிறகே “இது என்ன பறவைங்க?” என்ற கேள்வி பிறக்கும்.

இதில் நிற்பன, கிடப்பன, துரத்துவன என மூன்று உட்பிரிவு. கிடப்பன மேலானவை. சேற்றில் குப்புறப் படுத்து, கேமராவைப் பறவையின் கண்மட்டத்துக்கு இறக்கினால் முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் கரைந்து உள்ளான் ஒன்றே துலக்கமாக நிற்கும். அந்தப் படத்துக்காகச் சட்டையைத் துறப்பது ஒருவகைத் துறவுதான். ஆனால் எழுந்திருப்பது தனி வித்தை. உப்புச்சேறு முதலில் முழங்கையை விடாது, பிறகு செருப்பை விடாது. “சார், அங்க எறங்காதீங்க, உளை” என்று காவலர் சொல்வதற்குள் நான் ஒருமுறை இறங்கிவிட்டேன். முக்காலியின் ஒரு கால் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

துரத்துவனவற்றைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. பூநாரை நின்றால் வெள்ளை, பறந்தால்தான் சிறகுக்குள்ளிருந்து சிவப்பும் கறுப்பும் விரியும். அந்தச் சிவப்பு வேண்டும் என்பதற்காக மண்ணாங்கட்டியை எடுத்து வீசுகிற கையை நான் பார்த்திருக்கிறேன். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் தோய்த்து, நாக்கையே பம்பாக்கிச் சேற்றுநீரை உறிஞ்சிச் சலித்து, கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற புழுவும் பூச்சியுமாக வயிறு நிரப்புகிற பறவை அது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை ஒரு மண்ணாங்கட்டிக்கு எரித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய் மறுபடி கவிழ வேண்டும். இந்த உட்பிரிவை ஓரறிவில் சேர்த்ததற்குப் புல்லும் மரமும் என்மேல் வழக்குத் தொடுக்கலாம்.

ஈரறிவு உயிர், நாக்கும் உடையது. வேதாரண்யத்தில் இறால் வறுவல் எந்தக் கடையில் என்று விசாரித்துவிட்டுத்தான் பறவை எங்கே என்று கேட்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத இனம்.

மூவறிவு, மூக்கும் சேர்ந்தது. சதுப்புக்கு ஒரு வாடை உண்டு: அழுகிய முட்டையும் காய்ந்த பாசியும் கலந்தது. வந்தவர்கள் கைக்குட்டை எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அதை மோந்துதான் தண்ணீர் ஏறியிருக்கிறதா வடிந்திருக்கிறதா என்று சொல்வார்கள். இங்கே ஆழத்தை மழை பாதி முடிவு செய்கிறது, காற்று பாதி. காற்று திரும்பினால் மேலாக நிற்கும் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நேற்று முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று ஈரப்பளபளப்பு மட்டும் மிஞ்சும். பறவைகளின் வரிசையும் அதோடு இடம் மாறும். பூநாரை ஆழத்தில், நெடுங்கால் உள்ளான் அதற்கு இப்பால், பவளக்காலி கரையோரம், கொசு உள்ளான் வெறும் ஈரத்தில். காலின் நீளமும் அலகின் நீளமும்தான் அங்கே இடப்பங்கீடு. நேற்று வந்த இடத்துக்கே இன்றும் பீரங்கியோடு வந்து, பறவை வருவது குறைந்துவிட்டது என்று அறிக்கை விடுகிறவர்களுக்கு மூக்கு இருந்தும் பயனில்லை.

நாலறிவு, கண். இந்த இனத்துக்குப் படம் முக்கியமில்லை, பட்டியல்தான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நாட்களில் மிகுதியாகத் தென்படும். இரண்டு நாலறிவு உயிர்கள் ஒரு வரப்பில் சந்தித்தால் வணக்கம் சொல்லிக்கொள்ளாது. “எவ்வளவு?” என்று கேட்கும். “அறுபத்திரண்டு” என்றால் மற்றதன் முகம் வாடும்.

இவர்களுடைய தனிப்பெரும் துன்பம் உள்ளான். வடகோடியில் முட்டையிடும் காலத்தில் செம்பழுப்பும் கறுப்புமாக மினுக்கும் உள்ளான்கள் இங்கே வரும்போது எல்லாம் ஒரே சாம்பல் சீருடைக்கு மாறிவிடுகின்றன. செங்கழுத்து என்று பேர் வாங்கிய உள்ளானுக்கு நம் ஊரில் கழுத்து சிவந்திருக்காது. கால் நிறம், அலகின் வளைவு, இறக்கை நுனி வாலைத் தாண்டுகிறதா என்று முடியைப் பிளந்து பார்க்க வேண்டும். இது போதாதென்று, நாங்கள் காலங்காலமாக ஒன்றென்று எண்ணிவந்த ஓர் உப்புக்கொத்தியை அறிஞர்கள் அண்மையில் சைபீரியா, திபெத் என இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். குற்றியலுகரத்தையே ஆறாகப் பிரித்த மரபில் வந்தவர்கள் இதற்கெல்லாம் கலங்கக் கூடாதுதான். இருந்தும் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்ட பெரியவர்களை நான் அறிவேன்.

நாலறிவில் முற்றிய நிலைக்குக் கரண்டிமூக்கன் காய்ச்சல் என்று பெயர் வைக்கலாம். கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். ஒருகாலத்தில் கோடிக்கரையிலும் பதிவான பறவை. ஆகவே ஒவ்வொரு தையிலும் யாராவது ஒருவர் அதைக் கண்டுபிடிப்பார். ஓர் ஆண்டு அது நானாக இருந்தேன். நெஞ்சு அடித்துக்கொள்ள ஆறு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேர் வரப்பில் ஓடி வந்தார்கள். தொலைநோக்கியில் எல்லோரும் முறைவைத்துப் பார்த்தோம்: கொசு உள்ளான், அலகின் நுனியில் ஒரு சேற்றுருண்டை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அலகைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசியது. கரண்டி கரைந்துவிட்டது. நாலு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. தேநீருக்குக் காசு மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்தாவது, செவி. அருகிவரும் இனம். வேதாரண்யத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைத் தெரியும். கண்ணில் புரை விழுந்தும் அறுவைக்கு நாள் தள்ளிக்கொண்டே இருந்தார். வரப்பின் முனையில் துண்டை விரித்து உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். “ட்யூ ட்யூ ட்யூ” என மூன்றாக விழுந்தால் பச்சைக்காலி. ஏங்கி இறங்கினால் பவளக்காலி. அந்தியில் நீட்டி அழுதால் குதிரைமலைக் கோட்டான். நெய்தலுக்கு இரங்கல் என்று வைத்தது அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்பது அவருடைய கட்சி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது அவர் வீட்டு ஓடெல்லாம் போயிற்று. தையில் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் என்னை விசாரிக்கும் முன், “கோட்டான் கேக்குதா அங்க?” என்றார்.

ஆறாவது மனம். பறவையைப் பார்த்ததும் படம், பட்டியல் என்று போகாமல், இது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுவது. கோடிக்கரைக்கு இந்த அறிவைக் கொண்டுவந்தவர்களில் தலையானவர் சாலிம் அலி. அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல்லாண்டுகள் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் பூட்டி, விட்டது. பிடித்துக்கொடுத்தவர்கள் பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார்கள். வேட்டையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள், பிடித்ததை விட்டுவிடும் வேலைக்கு வந்தார்கள். வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய்க்குத் தெரிவிக்கவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருக்கும். ஒரு கொசு உள்ளானின் எடை இருபது, இருபத்தைந்து கிராம். கால் வத்திக்குச்சியைவிட மெல்லியது. அதன்மேல் இத்தனை எழுத்து. வடக்கே பனி உருகும் நாட்டில் யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு அஞ்சல் எழுத வேண்டும் என்று நம்பிப் பூட்டியிருக்கிறார்கள்.

நூல் முற்றிற்று. புறனடை எஞ்சுகிறது.

மேற்சொன்ன ஆறு பகுப்பும் நாம் செய்துகொண்டவை. பறவைகளிடம் வேறோர் இலக்கணம் இருக்கிறது. அதில் இரண்டே திணை: தன்னைப் பார்ப்பவை, பாராதவை. தையில் உப்பளத்தில் பாத்தி மிதிக்கும் வேலை நடக்கும். மழையில் இளகிய தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். பத்துப் பேர் வரிசையாகப் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மிதிக்க, பத்தடி தள்ளி உள்ளான் கூட்டம் தன்பாட்டுக்குக் கொத்திக்கொண்டிருக்கும். நான் நூறடிக்கு அப்பால் மூச்சை அடக்கி, முதுகை வளைத்து, ஓரடி எடுத்து வைத்தால் மொத்தமும் எழும்பிவிடும். பதுங்கி வருவது எதுவோ அதற்குப் பசி என்பது அவற்றின் சூத்திரம்.

போன தையில் அப்படி எழுப்பிவிட்டு அசடு வழிய நின்றபோது, மிதித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் கூப்பிட்டார். “ஏந்தம்பி, அந்தப் பக்கந்தான போறீங்க? இந்தத் தூக்கக் கொண்டுபோயி மடைகிட்ட நிக்கிறாரு பாருங்க, அவருகிட்ட குடுத்துடுங்களேன்.”

கேமராவைப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். தூக்குவாளி நிறையக் கஞ்சி, மூடி சரியாகப் பொருந்தவில்லை. வரப்போ ஒன்றரை அடி அகலம், வழுக்கல். கஞ்சி தளும்பாமல் இருக்க வாளியையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பாதி தூரம் போனபிறகுதான் காலடியில் ஏதோ ஓடுவது தெரிந்தது. ஆறடிகூட இருக்காது. கொசு உள்ளான்கள், தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே முன்னால் போயின. கால் எடுத்து வைக்கும் இடத்தில் சின்னச் சின்ன முக்கோண அச்சு. ஓரக்கண்ணால் எண்ணினேன், பதினொன்று. கடைசியாகப் போனதன் வலக்காலில் ஈயநிறத்தில் ஒரு வளையம்.

நின்றேன். பதினொன்றும் கொத்துவதை நிறுத்தின. என் கை பையின் ஜிப்புக்குப் போயிற்று.

மடையடியில் நின்றவர் வாளியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு என் கால்சட்டையைப் பார்த்தார். “கொக்கு ஆப்புட்டுச்சா சார்?” என்றார்.

“உள்ளானுங்க. காலுல வளையம் போட்டிருந்துச்சு. நம்பரப் பாக்குறதுக்குள்ள பறந்துடுச்சு.”

“அது கெடக்கட்டும்,” என்று வாளியைச் சாய்த்துக் காட்டினார். “பாதிக் கஞ்சி எங்க?”